திருப்பி அனுப்பிய கிண்ணம்

கிண்ணம் மேஜைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்ததுதான். சூடே இல்லை. நாற்பது நிமிஷம் காக்க வைத்து, பக்கத்து மேஜைக்காரர்கள் எங்களுக்குப் பின்னால் வந்து எங்களுக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, இந்த அழகில் ஒரு ராமென், ஜப்பான்காரர்களின் நூடுல்ஸ் சூப். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா கரண்டியை எடுத்து ஒரு வாய் சூப் குடித்துவிட்டார். முட்டையின் ஓரத்தை முன்பல்லால் லேசாகக் கடித்தும் பார்த்துவிட்டார்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

இந்த "நல்லாத்தான் இருக்கு" என்பதை நாற்பத்து நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா பஸ் டிரைவராக இருந்தார். சீட்டில் ஸ்பிரிங் வெளியே வந்து தொடையைக் குத்திய பஸ்ஸை மூன்று வருஷம் ஓட்டினார். கேட்டால் வண்டி நல்லாத்தான் இருக்கு என்பார். யாருக்கும் வேண்டாத தடத்தை அவர் தலையில் கட்டினார்கள். அதுவும் நல்லாத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் மேற்பார்வையாளராகி அவரையே அதட்டினான். பையன் நல்லவன்தான் என்றார். அவர் கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்பதற்கென்றே நான் பிறந்திருக்கிறேன் என்று அம்மா சொல்வாள். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் வேலையும் அப்படித்தான் அமைந்தது. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சரக்குப் பரிசோதகர். தையல் நெளிந்திருந்தால், காலரின் ஒரு முனை மற்றதைவிட நூலளவு நீண்டிருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பதினெட்டு வருஷமாக ஒட்டுகிறேன். தைக்கிற பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரிஜெக்ட் அக்கா. என் காதுபடவே சொல்வார்கள், நானும் கண்டுகொள்வதில்லை. என் கையைத் தாண்டிப் போன சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்றைக்கு அப்பா சாப்பிட வந்தது சாதாரணச் சாப்பாடு இல்லை. அவர் நாக்கின் வலது ஓரத்தில் வந்த புண் ஆறவே இல்லை. பரிசோதனைக்கு அனுப்பியதில், என்னவாக இருக்கக் கூடாது என்று பயந்தோமோ அதுவாகவே வந்தது. மறுநாள் காலையில் ஆபரேஷன். "பாதி நாக்குக்கு மேல எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் ருசி எவ்வளவு மிஞ்சும்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்று டாக்டர் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். முதல் சில வாரங்களுக்கு மூக்கு வழியாகக் குழாயில்தான் ஆகாரம். அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் வெளிச் சாப்பாடு கூடாது, ஆபரேஷனுக்காக அங்கேயும் எதுவும் தர மாட்டார்கள். ஆக, நாலு மணிக்குள் அப்பா என்ன சாப்பிடுகிறாரோ அதுதான் முழு நாக்கோடு அவர் சாப்பிடும் கடைசிச் சாப்பாடு.

என்ன வேண்டும் என்று கேட்டேன். எது கிடைக்கிறதோ அது என்பார் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்சம்கூட யோசிக்காமல், "அந்த சிக்னல்கிட்ட ஒரு கடை இருக்குமே, கிண்ணம் படம் போட்டு" என்றார். அவர் தடத்தில் இருந்த நீளமான சிக்னல் அது. பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இந்தக் கடையின் கண்ணாடிச் சுவர். ஏழு வருஷம், ஒரு நாளைக்கு எட்டு முறை, உள்ளே மனிதர்கள் குச்சியால் நூடுல்ஸைத் தூக்கித் தூக்கி வாயில் விடுவதை ஸ்டியரிங்கின் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். இறங்கிப் போய்ச் சாப்பிட ஒரு நாளும் தோன்றியதில்லை. அல்லது தோன்றியும் சொன்னதில்லை. எனக்கு மனசு என்னவோ செய்தது. ஒரு குறையும் இல்லாமல் அந்த ராமெனை அவருக்கு வாங்கித் தரவேண்டும் என்று சபதமே எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் கையைத் தூக்கி அந்தப் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இது ஆறிப்போயிருக்கு. வேற சூடா கொண்டாங்க."

"நல்லாத்தாம்மா இருக்கு, விடு" என்றார் அப்பா. புண்ணின் காரணமாக அவர் பேச்சு கொஞ்ச நாளாகவே குழறித்தான் வருகிறது. பேசினால் வலிக்கிறது என்று ரெண்டொரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. இப்படி விட்டு விட்டுத்தான் எல்லாரும் நம்ம தலையில மிளகா அரைக்கறாங்க."

அந்தப் பெண் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவின் கண் அதன் பின்னாலேயே சமையலறைக் கதவு வரைக்கும் போனது. நான் அதைப் பார்த்தேன். பசி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கிண்ணம் வர இன்னும் இருபத்தைந்து நிமிஷம். வந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சி மண்டை வரைக்கும் ஏறியது. மேலே செக்கச் செவேலென்று மிளகாய் எண்ணெய் மிதக்கிறது. அப்பாவால் காரம் துளிகூடத் தாங்க முடியாது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான், வாசலில் இருந்த தொடுதிரையோடு மல்லுக்கட்டி, காரமில்லாத கோழிச் சாறு ராமெனைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அது தந்த ஆர்டர் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்துத் தட்டினேன்.

"இதுல என்ன போட்டிருக்கு, படிங்க."

அவள் படித்தாள். "காரம் இல்லாததுன்னு இருக்கு மேடம். உள்ள மாத்திப் போட்டுட்டாங்க போல."

"போலன்னா? கிண்ணத்தைக் கையில எடுக்கும்போது சிவப்பு தெரியலையா உங்களுக்கு?"

மேலாளர் வந்தார். இடுப்பில் கறுப்பு ஏப்ரன், முகத்தில் பயிற்சி வகுப்பில் கற்ற சிரிப்பு. ரெண்டு பேர் லீவு, அடுப்புப் பக்கம் நிற்பது புது ஆள், மன்னிக்கணும் என்றார். லீவு போட்டவர்களின் கதை எனக்கு எதற்கு? மணி மூன்றாகப் போகிறது. ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி மேலாளரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அப்பா நடுவில் ஒரு தரம் என் முழங்கையைத் தொட்டார். என்னவோ சொல்லவும் வாயெடுத்தார். "ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்று அவர் கையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, மேலாளரிடம் தெளிவாகச் சொன்னேன்.

"எங்கப்பா டீயையே கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறவர். அந்த மாதிரி வரணும். ஆவி பறக்கணும். இல்லேன்னா மறுபடியும் திருப்பித்தான் அனுப்புவேன்."

பொய் இல்லை. டிப்போவில் ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும். எல்லாரும் ஊதிக்கொண்டிருக்கும்போதே அப்பா கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். என் மனசில் இருந்த அப்பா அவர்தான். ஆனால் அம்மா போன பிறகு அவர் என் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், மாத்திரை டப்பாவைச் சரிபார்த்து, தம்பியிடம் நாலு குறை சொல்லிவிட்டு வருவேன்.

மூன்றாவது கிண்ணம் மூணேகாலுக்கு வந்தது. மேலாளரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. சாறு பொன்னிறத்தில் தெளிவாக இருந்தது. நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாமல் மடிந்திருந்தது. முட்டையின் மஞ்சள் கரு சரியாகப் பாதி வெந்திருந்தது. ஆவி அப்பாவின் முகத்தை மறைத்துக்கொண்டு மேலே போனது. நான் ஜெயித்துவிட்ட மாதிரி நாற்காலியில் சாய்ந்தேன்.

அப்பா கரண்டியில் கொஞ்சம் எடுத்தார். ஊதினார். உதட்டருகே கொண்டுபோய், கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். ஊதினார். வைத்தார்.

"சாப்பிடுங்கப்பா, ஆறிடும்."

"ஆறட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு மல்லுக்கட்டி வாங்கித் தந்திருக்கிறேன், சத்தம் போட்டதற்காக என்மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாரே என்றுதான் தோன்றியது. அந்த நேரம் பார்த்து தம்பி மனைவி போனில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் பையோடு நிற்கிறாளாம்.

"கிளம்பிட்டீங்களாக்கா? மாமா ஏதாவது சாப்பிட்டாரா?"

"இப்பதான் கைக்கு வந்திருக்கு. சூடா வாங்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."



"சூடாவா? அக்கா, அவருக்குச் சூடு ஆகாதேக்கா. பட்டாலே துடிச்சுப் போயிடறாரு. மூணு மாசமா கஞ்சிகூட நல்லா ஆறவெச்சு, வெதுவெதுப்பும் போன பிறகுதான் குடுக்கறேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

போனை வைத்தேன். அப்பா கரண்டியில் மூன்றாவது முறையாக ஊதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை உதட்டைக் குவிக்கும்போதும் வலது கன்னம் சுண்டி இழுத்தது. ஊதுவதே அவருக்கு வலிக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஏன்ப்பா சொல்லல?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"சொன்னேனேம்மா."

எழுந்து போனேன். சமையலறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே வரக் கூடாது என்று பலகை தொங்கியது, இருக்கட்டும். அடுப்பருகே நின்ற புது ஆள் திடுக்கிட்டுத் திரும்பினார். மூன்றாவது தடவையும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். மேலாளர் ஓடி வந்தார்.

"முதல்ல ஒண்ணு திருப்பி அனுப்பினேனே, அது இருக்கா?"

"எது மேடம்?"

"ஆறிப்போச்சுன்னு அனுப்பினேனே. அதுதான் வேணும்."

பரிமாறும் பெண்தான் பதில் சொன்னாள். "அப்பவே கொட்டிட்டோம் மேடம். திருப்பி வந்ததை வெச்சுக்க மாட்டோம்." அவள் குரலில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

மணி மூன்று இருபத்தெட்டு. இன்னொரு கிண்ணத்தில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றலாம் என்றால் அதற்கும் நேரமில்லை. சூப்பையும் நூடுல்ஸையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டச் சொன்னேன். தனித்தனியாகக் கட்டினால்தான் நல்லது, ஊறிவிடும் என்று மேலாளர் இழுத்தார். நான் முதல் முறையாக அவரிடம் தயவுசெய்து என்று சொன்னேன். டாக்ஸியில் டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திறந்து, ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்றில் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் சூப் என் மடியில் தளும்பியது. தொடை எரிந்தது. எரியட்டும் என்று இருந்தது எனக்கு. அப்பா டப்பாவைப் பார்க்காமல் முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி டப்பாவைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தார். "வெளிச் சாப்பாடு உள்ள போகாதும்மா." எனக்கு அவரோடு சண்டை போடத் தெம்பில்லை. வெளியே, வண்டிகள் வந்து நிற்கும் இடத்தில், ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அங்கே அப்பாவை உட்கார வைத்தேன். தம்பி மனைவி விரலின் நுனியைச் சூப்பில் தொட்டுப் பார்த்து, "இப்ப சரியா இருக்குக்கா" என்றாள். மூணு மாசமாகச் செய்கிற கை, ஒரு நொடியில் முடித்துவிட்டது. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி என்றுகூட.

சூப் என்று சொல்ல அதில் அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. எல்லாவற்றையும் நூடுல்ஸ் குடித்துவிட்டு விரல் தடிமனுக்கு ஊதியிருந்தது. கரண்டி பட்டால் துண்டு துண்டாக உடைந்தது. தொழிற்சாலையாக இருந்தால் ஒரு ஸ்டிக்கர் போதாது. அப்பா குனிந்து, டப்பாவை நான் பிடித்துக்கொண்டிருக்க, முதல் வாய் எடுத்தார். நாக்கின் இடது பக்கமாக ஒதுக்கி மெதுவாக மென்றார். இன்னொரு வாய். எங்கள் காலருகே ஆம்புலன்ஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. யாரோ அழுதுகொண்டு இறங்கினார்கள். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, உள்ளேயிருந்து வார்டு ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் இருந்த சீட்டையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போலாமா பெரியவரே, டாக்டர் ரவுண்டுக்கு வந்துடுவாரு" என்றார். தம்பி மனைவி பையைத் தூக்கிக்கொண்டாள். டப்பாவில் இன்னும் பாதி இருந்தது. அப்பா அவசரமில்லாமல் ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் போட்டார். மெல்லவில்லை, விழுங்கவும் இல்லை. வாயை மூடி அதை அப்படியே நாக்கின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, வலது கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்தி, அந்த மனிதரை நிற்கச் சொன்னார்.