ஐந்தாவது பரிந்துரை

மினியாபொலிஸ் மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில், ஓர் இரும்புக் கதவுக்கு உள்ளே, கதிரியக்கப் பொருட்களின் பாதுகாப்பை ஆராய வந்த குழுவின் தலைவர் வெண்டெல் ஹார்க்னஸ் புதுமாப்பிள்ளை மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தது ரத்தத்தில் கதிர் பாய்ச்சும் இயந்திரம். அதன் வயிற்றில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள். அது கெட்டவன் கையில் சிக்கினால் நகரத்தில் பல தெருக்களை வருடக்கணக்கில் பூட்டிவைக்க நேரும். 'இவற்றை அகற்றிவிட்டு எக்ஸ்ரே இயந்திரங்களை வைக்க வேண்டும்' என்பது குழுவின் அறிக்கையில் ஐந்தாவது பரிந்துரை. குழு உறுப்பினர்களில் மார்னா லிண்ட்விஸ்ட் ஒருத்தியாக மல்லுக்கட்டி அதை எழுதவைத்திருந்தாள். மற்ற பரிந்துரைகளெல்லாம் ஆராயலாம், பரிசீலிக்கலாம் என்ற வழவழா கொழகொழா. படிப்பவர் யாருக்கும் எங்கும் வலிக்காது.

"பாத்தீங்களா மார்னா? ரெண்டு பேர் அட்டை, ரெண்டு பேர் கைரேகை. ஈ கூட நுழைய முடியாது. அப்புறம் எதுக்கு அந்த அஞ்சாவது? ஆஸ்பத்திரிக்காரங்க தலையில செலவக் கட்டணுமா?"

"பூட்டு நல்லாத்தான் இருக்கு, வெண்டெல். எனக்கு பயம் பூட்டைப் பாத்து இல்ல. நம்மளப் பாத்து."

குழுவினர் எல்லோரும் சிரித்தார்கள். அவள் எது சொன்னாலும் சிரிப்பார்கள். இத்தனை பட்டங்களை வாங்கிக்கொண்டு இப்படிச் சிரிக்க இவர்களுக்கு வெட்கமாகவே இருக்காதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒருவர் மறுத்தாலும் அறிக்கை வெளிவராது. அதுதான் இந்தக் குழுக்களின் வழக்கம். அவள் பிடிவாதம் பிடித்தால் எல்லாமே கிடப்பில் போகும்.

"எடுத்துடலாமா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சாப்பிடப் போலாம்."

"வெளிய வந்து சொல்றேன்," என்றாள்.

தன் அட்டையாலும் ஒரு செவிலியின் அட்டையாலும் கதவைத் திறந்துவிட்டிருந்த மருத்துவமனைக் காவல் அதிகாரி டுவேன், இவர்களுக்காக லிஃப்டை நிறுத்திவைக்க முன்னால் ஓடினார். அந்தச் செவிலி ஏற்கெனவே மாடிக்குப் போய்விட்டாள். உள்ளிருந்து வெளியே வர அட்டை வேண்டாம், தள்ளினால் போதும். வெண்டெல்தான் கடைசியாக வந்தார். எதிரே ஒருவன் தொப்பியும் பனி ஒட்டிய பூட்ஸுமாக, இரண்டு கைகளிலும் பெட்டிகளைச் சுமந்து வந்தான். இந்த ஊரில், வருகிறவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது கொலைக்குச் சமம். வெண்டெல் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"வாங்க வாங்க, நீங்க போங்க மொதல்ல."

"ரொம்ப நன்றிங்க. என்னா குளிரு!"

"இன்னும் ஏறுங்கறாங்க. பாத்து, படி இருக்கு."

கதவு மூடிக்கொண்டது.

"யாரு அது?" என்றாள் மார்னா.

"யாரோ. பாவம், கை நெறைய சுமை."

"அவன்கிட்ட அட்டை இருந்துச்சா, வெண்டெல்? கதவத் தொறங்க."

அவர் கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"சூப் ஆறிடும், சீக்கிரம் வாங்க!" லிஃப்டிலிருந்து டுவேனின் குரல் வந்தது.

மார்னா அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் கதவின் சின்னக் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். உள்ளே அந்த மனிதன் பெட்டிகளை இயந்திரத்தின் மேல் இறக்கிவிட்டு, கையுறைகளை ஒவ்வொரு விரலாக, சாவகாசமாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.