கிழக்கு உச்சிக்கு ஒரு சம்பந்தம்

ஆய்வு நிலையத்தின் இயக்குநர் கத்தரிக்கோலோடு பால்கனியிலிருந்து உள்ளே வந்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சட்டென்று எழுந்தார். இயக்குநரின் மறுகையில் ஒரு வெள்ளைப் பூ. எந்தத் தொட்டியில் வெட்டினார்?

கூடத்தின் நடுவில் கடைக்காரரின் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். நிலையத்தில் தாவர ஆய்வாளராக இருந்தவள். இயக்குநர் பூவை அவள் விரல்களுக்கிடையே செருகிக் கண்களை மூடினார்.

"அவங்க வளர்த்த பூ. அவங்க கையிலதான் இருக்கணும்."

யாராவது படம் எடுத்தார்களா என்று பார்க்கக் கண்களைத் திறந்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நீலத் தொட்டி மொட்டையாக நின்றது. மண் தொட்டியில் பூ இருந்தது. பாதி உயிர் திரும்பியது.

மருத்துவமனையில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரெண்டும் ஒரே நாள்ல பூத்தா விட்டுடாதீங்க. சாயங்காலம் மூடிக்கும். நீலத் தொட்டியில இருக்கறது மேற்கு உச்சிப் பூ, அதோட மகரந்தத்தை எடுத்து மண் தொட்டியில இருக்கற கிழக்கு உச்சிப் பூவுல தடவிடுங்க."

"எனக்கெதுக்கு இந்தத் தரகு வேலை?"

"பனி யுகத்துல பள்ளத்தாக்கே குளிரா கிடந்துச்சு. இந்தச் செடிங்கல்லாம் கீழ இறங்கி ஒண்ணுமண்ணா கலந்து கெடந்துச்சு. பூமி சூடாக ஆக, குளிரைத் தேடி ஆளுக்கொரு உச்சியில ஏறிக்கிச்சு. அப்புறம் இறங்க வழியில்ல. கிழக்கு உச்சியில மிஞ்சினது கொஞ்சம். சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி எல்லாம் ஒரே அச்சு. இப்ப விதையே பிடிக்கல."

"உங்க அண்ணன் வீடு மாதிரி."

சிரித்தாள். சிரிப்பு இருமலானது.

நேற்றிரவு அவள் போனாள். இன்று காலை இரண்டும் பூத்திருந்தன. தூரிகையைத் தேடிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. அதன்பின் துக்கம் கேட்க வந்தவர்கள் அவரைத் தனியாக விடவில்லை. போதாததற்கு, "நாளைக்குக் காலைல வண்டி அனுப்பறேன், தொட்டியெல்லாம் நிலையத்துக்கு வந்துடட்டும்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். ஓர் உச்சிச் செடியை இன்னோர் உச்சிச் செடியோடு சேர்க்கக் கூடாது என்பது நிலையத்தின் உத்தரவு. போட்டவரே அவர்தான்.

இயக்குநர் பேசத் தொடங்கியிருந்தார். "பல்லாயிரம் வருஷமா ஒவ்வொரு உச்சியும் தன் தூய்மையைக் காப்பாத்திட்டு வருது. அந்தத் தூய்மைக்குக் காவலா நின்னவங்க இவங்க!"

உயிரோடு இருந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கிட்டிருப்பாள்.

அவளுடைய அண்ணன் மட்டும் பலமாகத் தலையாட்டினார். தூய்மை அவருக்குப் பிடித்த சொல். தங்கை வெளியாளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தப் படியை மிதிக்காதவர். அவர் வாயில் இவர் எப்போதும் 'அந்தக் கடைக்காரர்'தான்.

ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் அமரர் ஊர்தி வந்து நிற்கும் சத்தம்.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியருகே மண்டியிட்டார். அவள் கையை வருடுவதுபோல் ஆள்காட்டி விரலைப் பூவின் நடுவில் மெல்லத் துழாவினார். பின்னால் யாரோ விம்மினார்கள். விரல் நுனியில் மஞ்சளாகத் தூள். அவள் கை ஜில்லென்றிருந்தது. அதையும் கொஞ்சம் பிடித்திருந்துவிட்டு எழுந்தார்.

அந்தக் காட்சி மச்சானையும் உருக்கிவிட்டது. கண்கலங்க வந்து கையைப் பற்றப் போனார். கண்ணாடிக்கடைக்காரர் பதறி வலக்கையை மேலே தூக்கிக்கொண்டு இடக்கையை நீட்டினார். மச்சானின் முகம் சுருங்கியது. ஆனாலும் பற்றினார். பற்றியவர் விடவில்லை.

வேறு வழியில்லாமல் அவரையும் இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

"என்ன பண்றீங்க?"

"உங்க தங்கச்சி சொன்ன வேலை. கிழக்கு உச்சிச் செடிக்கு மேற்கு உச்சியிலேர்ந்து சம்பந்தம்."

"உள்ள பேசறவரு கூடாதுங்கறாரே?"

"ஆமா."

மச்சான் உள்ளே பார்த்தார். உரை ஓய்வதாக இல்லை. பிறகு தன் அகன்ற முதுகைக் கதவுப்பக்கம் திருப்பி, தொட்டியை மறைத்து நின்றார்.

"காத்து அடிக்குது மாப்ள. சீக்கிரம்."

மூக்குக்கண்ணாடியின் பொடித் திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டும் விரல், இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை, மூடத் தொடங்கியிருந்த இதழ்களுக்குள் மஞ்சள் ஒட்டியது.

"எல்லாரும் வாங்க, நேரமாச்சு, எடுக்கணும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வேறு மகரந்தம் படாமலிருக்க, பூவின்மேல் அவள் தைத்து வைத்திருந்த வலைத்துணிப் பையை மாட்டி, வாயைக் கட்ட வேண்டும். மச்சான் இன்னும் அவருடைய இடக்கையை விடவில்லை. நூலின் ஒரு முனையை இவர் பிடித்தார். மறுமுனையை மச்சான் பிடித்தார்.