செல்லாத பதிவுகள்

அந்த வேலை எங்களிடம் வந்தபோது தலைநகர் பிஷ்கெக்கில் பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. தெற்கே ஒரு மாவட்டத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். உள்ளே போகிறவர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை. ஐந்து பக்கம் தள்ளிப் போய் மாட்டிக்கொண்டு, திரும்பும் வழி தெரியாமல் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வந்த வழியை ஒரு வரியாகக் காட்ட வேண்டும் என்றார்கள். முகப்பு, வட்டாரம், ஊர், குடும்பம், ஆள். எதை அழுத்தினாலும் அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

எங்கள் தொழிலில் இதற்கு ரொட்டித் துணுக்கு என்று பேர். எங்கள் சின்ன கம்பெனியின் முதலாளி ரஹாத் அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள். "ரொட்டித் துணுக்கைக் கீழ சிந்தினா எங்கம்மா முதுகுத் தோலை உரிச்சிருவா. இவங்க வழி தெரியறதுக்குன்னு சிந்திக்கிட்டே போவாங்களாம். குந்தூஸ், இதை நீயே பாத்துக்க. ஒரு வாரம்."

குந்தூஸ் நான்தான்.

கஷ்டமான வேலை இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தாய்ப் பக்கம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தாய்க்குத் தாய் எது, அதற்குத் தாய் எது என்று முகப்பு வரும்வரை ஏற வேண்டும். சோதித்துப் பார்த்தபோது இருபத்தொன்பது பக்கங்களுக்குத் தாய் கிடைக்கவில்லை. எல்லாமே இறப்புப் பதிவுகள். எல்லாவற்றிலும் ஒரே ஊர் எண். அரசாங்கத்தின் ஊர்ப்பட்டியலில் அந்த எண்ணே இல்லை. ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. வரி பாதியில் அறுந்து தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே என்று, ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கு வந்த பேர் ஒன்றை அடித்து வைத்தேன்: 'செல்லாத பதிவுகள்'. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் எனக்குக் கடுமையான பல்வலி. வெள்ளிக்கிழமை அப்படியே ஏற்றிவிட்டோம்.

பன்னிரண்டாம் நாள் மதியம் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக் கம்பளித் தொப்பி, முழங்கால்வரை சேறு, கையில் ஒரு பை நிறைய வால்நட். பையை என் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பேரு தொக்தோசுன். பக்கத்தோட அடியில உங்க கம்பெனி பேரும் தெருவும் போட்டிருந்துச்சு. அதைக் காட்டிக் கேட்டுக் கேட்டு வந்தேன். எங்க ஊரு ஜில்கின்சாய். இப்ப இல்ல."

ஜில்கின்சாய் தெரியாதவர்கள் நாட்டில் உண்டா? ஆறு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் மாதம் ஒரு விடிகாலையில் மலைச்சரிவு இறங்கி ஊரை மூடியது. அதன்பின் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். என்னுடைய இருபத்தொன்பது பக்கங்கள் யாருடையவை என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு அவர் ஆடு விற்கச் சந்தைக்குப் போயிருந்தாராம். வீட்டில் மனைவி அனார்குல் மட்டும். மண் இன்னும் நகர்கிறது என்று தோண்ட விடவில்லை. அந்தச் சரிவையே மயானம் என்று அறிவித்து, ஆற்றுக்கு இந்தக் கரையில் நின்று தொழுகை நடத்தினார்கள். மிஞ்சியவர்களுக்குப் புதுக் குடியிருப்பு கட்டிக்கொடுத்தார்கள். அங்கே சல்தனாத் என்று ஒரு விதவை. இரண்டு பேரும் எத்தனை நாள் தனியாக இருப்பீர்கள் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். திருமணத்தைப் பதியப் போனார்.

"கவுண்டர்ல இருந்த பொண்ணு ஸ்கிரீனைப் பாத்துச்சு. 'அண்ணே, உங்க சம்சாரத்தோட இறப்பு செல்லாதுன்னு வருது. இப்ப நீங்க கல்யாணமானவருதான்' அப்படின்னுச்சு. பழைய காகிதத்தை எடுத்து நீட்டினேன். கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் கணக்காம்."

"அது தப்புண்ணே. நான் பண்ணின தப்பு. இப்பவே மாத்திடறேன்."

"இரு தங்கச்சி. கேக்க வந்ததைக் கேட்டுடறேன்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உடம்பு கிடைக்கல பாரு. எங்கயாவது ஆஸ்பத்திரியில, பேரு சொல்லத் தெரியாம யாராவது இருந்து, அது அவதான்னு தெரிஞ்சு, அதனால செல்லாதுன்னு எழுதியிருப்பாங்களோ? பைத்தியக்காரத்தனந்தான். டாக்ஸி கணவாய் ஏறி இறங்கற வரைக்கும் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். இருந்தாலும் கேட்டுடணுமில்ல?"

திரையை அவர் பக்கம் திருப்பி அந்த வரியைக் காட்டினேன்.

"இந்த வார்த்தையை நான்தான் அடிச்சேன். ஊர் பேர் கிடைக்கல. அதனால சும்மா ஒரு வார்த்தை போட்டேன். ஆஸ்பத்திரியில யாரும் அவங்களைப் பார்க்கலைண்ணே."

"சும்மா ஒரு வார்த்தை."

"ஆமாண்ணே."

தலையை ஆட்டினார். "இருபத்தொம்பது பேருக்கும் அப்படித்தான் போட்டிருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லவேளை, மத்தவங்க யாரும் பார்க்கல போல," என்றார்.

ரஹாத் அக்கா டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள், திட்டவில்லை. மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எதிர்முனை அதிகாரி உரக்கப் பேசினது எங்களுக்கும் கேட்டது.

"இல்லாத ஊருக்கு எப்படிம்மா பக்கம் போடுவீங்க? பேசாம எல்லாத்தையும் புதுக் குடியிருப்புல சேத்துடுங்க."

"அனார்குல் அங்க வந்ததே இல்லையே," என்றார் தொக்தோசுன், டீக் கோப்பையைப் பார்த்தபடி.

ரஹாத் அக்கா அதையே போனில் திருப்பிச் சொன்னாள். "இங்க பாருங்க சார், பக்கம் வேணாம். வெறும் எழுத்தா பேரை மட்டும் போடறோம். அழுத்தினா எங்கயும் போகாது. உங்க பட்டியலை யாரும் தொடப்போறதில்ல." அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். கடைசியில் அந்த ஆள், என்னவோ பண்ணுங்க, என் பேரை இழுக்காதீங்க என்றான்.

நான் மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. முதலிலேயே செய்திருக்கலாம். முகப்பு, வட்டாரம், ஜில்கின்சாய், குடும்பப் பேர், அனார்குல். ஊர் பேர் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் மவுஸைக் கையில் வாங்கி, மெதுவாக நகர்த்தி ஜில்கின்சாய்மேல் அழுத்தினார். இன்னொரு தரம் அழுத்தினார்.

"ஒண்ணும் ஆகலையே."

"அதுக்குப் பக்கம் இல்லண்ணே. பேர் மட்டுந்தான்."

"சரி," என்றார். "சரிதான்."

அச்செடுத்த தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். டீயை மட்டும் குடித்துவிட்டு, மாலை டாக்ஸிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

ஒரு மாதம் கழித்து நானே போன் செய்தேன். கல்யாணம் நடந்ததா என்று கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. சல்தனாத்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். நல்ல பொம்பள, கோவிச்சுக்கல. ஓஷ்ல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா."

"காகிதத்துல ஏதாவது சிக்கலாண்ணே?"

"காகிதமெல்லாம் சரியா இருக்கு. அந்தக் கவுண்டர் பொண்ணு செல்லாதுன்னு சொன்னதுல இருந்து உன்கிட்ட வந்து கேட்டது வரைக்கும் அஞ்சு நாளு. நம்பல. ஆனா வீட்டைக் கழுவினேன். படுக்கையை வெயில்ல போட்டேன். அவளுக்குப் பிடிக்கும்னு ஒரு சட்டை வாங்கிப் போட்டுக்கிட்டேன். அப்படி அஞ்சு நாளு அவளோட இருந்துட்டேன். அந்த வீட்டுல இன்னொருத்தியைக் கொண்டாந்து வெக்க எனக்கு மனசு வரல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"நீ என்ன வேணும்னேவா பண்ணினே?" என்றார். பின்னால் ஆட்டுக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.