மாப்பிள்ளை காரைத் தள்ளியவள்

என் பழைய காரை ஸ்டார்ட் செய்வதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும், சோக்கை இழுக்க வேண்டும், கெஞ்ச வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் என் மனைவி இறங்கித் தள்ளுவாள். கல்யாணமானதிலிருந்து அவள் தள்ளிய தூரத்தைக் கூட்டினால் நிலாவுக்கே போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

அந்தக் கார் வழியில் படுத்துத்தான் அவளுடைய கண் ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது. இந்தத் தடவையும் நேரம் தப்பினால் டாக்டர் வெளிநாடு போய்விடுவார். அவளுக்கோ எதிரில் நிற்பது நானா அலமாரியா என்று தெரியாத நிலை. அலமாரியிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசினாள் என்பது வேறு விஷயம்.

அதனால் மாப்பிள்ளை தன் புதுக் காரைக் கொடுத்தார். அதில் சாவி செருக ஓட்டையே கிடையாது. சாவி பக்கத்தில் இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடுமாம். ஜன்னலில் சாய்ந்து அவர் சொல்லிக்கொடுக்க, நானும் அமுக்கினேன். என் கார் கிளம்பினால் ஏழு தெருவுக்குத் தூக்கம் போகும். இது பால் குடித்த பூனை மாதிரி முனகியது. தெருமுனை தாண்டியதும் திரையில் என்னவோ மின்னி, கீச்கீச்சென்றது. புது வண்டி, அப்படித்தான் சிணுங்கும் என்று விட்டுவிட்டேன்.

பெரிய சிக்னலை நெருங்கும்போது மாப்பிள்ளை போனில் வந்தார். கார் முழுக்க அவர் குரல்.

"மாமா, பதறாதீங்க. சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கு. ஆஸ்பத்திரி போற வரைக்கும் வண்டிய மட்டும் அணைச்சிடாதீங்க. அப்புறம் எடுக்காது."

அவர் வாய் மூடவில்லை, சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். இஞ்சின் தானாகவே கப்சிப். என் இதயமும் அதற்குத் துணை போனது.

"நின்னுடுச்சா?" என்றாள் மனைவி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நீங்க ஸ்டீயரிங்கப் பிடிங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்து இறங்கி, காரைத் தடவிக்கொண்டே பின்னால் போய்விட்டாள்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் அலறின. பயத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கார் உயிர்பெற்று மெல்ல நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால், இரண்டு கையையும் நீட்டியபடி மலையை நகர்த்தியவள் மாதிரி வருகிறாள். நிறுத்தி ஏற்றிக்கொண்டேன்.

மாப்பிள்ளை இன்னும் போனில்தான் இருந்தார். சிக்னலில் அது தானே அணைந்து தானே எடுத்துக்கொள்ளும், சொல்ல மறந்துவிட்டேன் என்றார்.

"அவர் கிடக்கறாரு" என்றாள் இவள், மூச்சிரைக்க. "புதுசோ பழசோ, நான் கை வைக்காம எது நகர்ந்திருக்கு?"

நான் மறுக்கவில்லை. எனக்குப் பைத்தியமா?

காரை வாசலில் ஓடவிட்டு, காவல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அவளை உள்ளே கூட்டிப்போனேன். சரியான நேரம். போன தடவைகளில் முந்தின நாளே நடுங்கியவள், இப்போது நர்ஸ் பிரஷர் பார்க்கும்போது காரைத் தள்ளிய கதையை அளந்துகொண்டிருந்தாள். பிரஷர் சின்னப் பிள்ளைக்கு இருப்பதுபோல் இருக்கிறதாம்.

பச்சை அங்கி மாட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். கதவு மூடியது. நான் விட்ட பெருமூச்சில் வராந்தாத் திரைச்சீலைகள் மொத்தமும் ஆடின.