அத்தானின் கட்டைவிரல்

இறுதிப் போட்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. அக்காவின் மானிட்டரோ படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

அக்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். பகலெல்லாம் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தும் அடுக்குவாள். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்குகிற பழைய கம்ப்யூட்டர் ஆட்டம் அது. உனக்கு அலுக்கவே அலுக்காதா என்று கேட்டால், "இங்க விழுந்தா யாரும் சாக மாட்டாங்கடி" என்பாள்.

அந்த ஆட்டத்துக்கு வருடா வருடம் இணையத்தில் போட்டி நடக்கும். போன வருடம் இறுதிச் சுற்றில் 'மீன்கொத்தி' என்ற பெயரில் ஆடும் ஒரு பொடிசு அவளை ஊதித் தள்ளிவிட்டது. "கண்ணுக்கும் கைக்கும் நடுவுல வயசு வந்து உக்காந்துடுச்சு. இன்னொரு தடவை தோத்தா விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற ஆள். இன்றைக்கும் அதே மீன்கொத்திதான்.

அவளுடையது ட்யூப் வைத்த பழைய குண்டு மானிட்டர். அது நொடிக்கு எண்பத்தைந்து முறை படத்தைப் புதிதாக வரையும். அவள் கை ஓடுவதே அந்தப் பழக்கத்தில்தான். நேற்று பார்த்து அவள் கம்ப்யூட்டர் புகைவிட்டு உயிரை விட்டது. ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. என் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து மாட்டினேன். அதுவோ 'தெரியாத மானிட்டர்' என்று கைவிரித்துவிட்டது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. வேகம் அறுபதைத் தாண்ட மறுத்தது.

"இதைப் பாத்தாலே தலை வலிக்குது" என்றாள் அக்கா.

"இது என்ன மானிட்டர்னு கம்ப்யூட்டருக்கு எப்படிம்மா தெரியும்?" என்று அத்தான் கேட்டார். அத்தான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எந்த மெஷினைத் திறந்தாலும் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

"மானிட்டருக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கு அத்தான். கம்ப்யூட்டர் எழுந்ததும் வயர் வழியா 'நீ யாரு, எவ்வளவு தாங்குவே'ன்னு அதைக் கேக்கும். பதில் வந்தா அதுக்கேத்த மாதிரி தானே செட் பண்ணிக்கும். வரலேன்னா, எதுக்கு வம்புன்னு கம்மியாத்தான் கொடுக்கும்."

"பழைய கம்ப்யூட்டர் மட்டும் எப்படிக் கொடுத்துச்சு?"

"அதுல யாரோ கையாலயே செட் பண்ணி வெச்சிருக்காங்க. அது கேக்கவே இல்ல."

வயரை மாற்றினேன். "ரீஸ்டார்ட் பண்றேன்!" பலனில்லை. முனையில் ஊசிகள் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தன. "மறுபடி ரீஸ்டார்ட்!" மறுபடியும் அதே பூசணிக்காய். மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த ரீஸ்டார்ட்டின்போது பின்பக்க வயரைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன். சுவரோரம் 'டக்' என்று ஒரு சத்தம். மானிட்டரின் சுவிட்ச் மேல் அத்தானின் கட்டைவிரல்!

"என்ன அத்தான் பண்றீங்க?"

"அணைச்சேன். நீ ரீஸ்டார்ட்னு சொல்றப்பெல்லாம் அணைச்சிட்டுத்தானே இருக்கேன்? கம்ப்யூட்டர் நல்லா எழுந்தப்புறம் போட்டுவிடுவேன். பழைய சாமான்மா, முதல் கரண்ட் அதுமேல விழக் கூடாது. ஃப்ரிட்ஜுக்கும் இதைத்தான் சொல்லுவேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அது கேக்குற நேரம் பாத்து நீங்க இதைத் தூங்க வெச்சா, யாரு அத்தான் பதில் சொல்றது?"

அத்தானின் முகம் சுருங்கிவிட்டது. "தினமும் இப்படித்தான் போடுவேன். அவ ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள... அது சீக்கிரம் போயிடக் கூடாதேன்னு."

அக்கா அவரையே பார்த்தாள். தினமும் வீட்டுக்கு வரும்போது மானிட்டர் தயாராக எரிந்துகொண்டிருப்பதன் காரணத்தை அவள் அன்றைக்குத்தான் யோசித்திருக்க வேண்டும்.

"ஏங்க, அதைப் போட்டுட்டு, கையை ரெண்டையும் அக்குளுக்குள்ள வெச்சுக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்றாள்.

அத்தான் அப்படியே செய்தார். மானிட்டர் விழித்திருக்க, கம்ப்யூட்டரை எழுப்பினேன். திரை ஒரு முறை கறுத்தது. உள்ளே ஏதோ 'க்ளிக்' என்றது. சட்டென்று படம் விரிந்து, எழுத்தெல்லாம் ஊசியாக நின்றது! விவரத்தைத் திறந்தால் கம்பெனி பெயர், மாடல், தயாரித்த வருடம் எல்லாம் புட்டுப் புட்டு வைத்திருந்தது. அக்கா வேலைக்குச் சேர்ந்த அதே வருடம். வேகம் எண்பத்தைந்து. நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

முதல் ஆட்டத்தை மீன்கொத்தி எடுத்தது. இரண்டாவதை அக்கா எடுத்தாள். மூன்றாவதில் கட்டைகள் மழையாகக் கொட்டின. அக்காவின் அடுக்கு கூரையைத் தொட்டுவிட்டது. இடது ஓரம் ஒரே ஒரு பள்ளம், அதற்கு ஒரு நீளக் கட்டை வேண்டும். வந்தது அந்தக் கட்டை! கிரேன் கொக்கியை இறக்குகிற அதே நிதானத்தோடு அக்கா அதைப் பள்ளத்தில் இறக்கினாள். நான்கு வரிசை ஒரேயடியாகக் காணாமல் போனது. இந்தப் பக்கம் அழிந்த வரிசையெல்லாம் எதிராளியின் அடுக்கில் போய் ஏறும்; மீன்கொத்தியின் பக்கம் நிரம்பி வழிந்தது.

ஜெயித்துவிட்டாள்!

'செம ஆட்டம். மானிட்டர் புதுசா?' என்று மீன்கொத்தி கேட்டிருந்தது. அக்கா தயாரித்த வருடத்தை மட்டும் அடித்து அனுப்பினாள். 'அப்ப நான் பொறக்கவே இல்ல' என்று பதில் வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் குதித்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் சத்தமே இல்லை. திரும்பினால், அத்தான் கண் கலங்க, கைகள் இரண்டையும் இன்னும் அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"இப்பக் கை தட்டலாமா?" என்று அக்காவைக் கேட்டார்.