பூசையில் இறுகிய எஞ்சின்

ராசிங்காபுரத்துக் கோட்டைச்சாமியின் பக்தியை யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஆயுத பூசை வந்துவிட்டால் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள்மணை வரைக்கும் கழுவிப் பொட்டு வைத்துவிடுவார். கடைசியாகத் தொழுவத்துப் பக்கம் வேப்பமரத்தடியில் ஓடாமல் நிற்கும் டிராக்டருக்கு வருவார். மரியாதை எல்லாம் அதற்குத்தான். குடம் குடமாகத் தண்ணீரை உச்சியிலிருந்து ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டி, சந்தனம் தெளித்து, செவ்வந்தி மாலை சாத்திவிட்டுத்தான் மனுசன் சாப்பிட உட்காருவார். ஓட்டத்தான் ஆளில்லை. அந்த வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். ஒருவர் அப்பா, போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருத்தி தங்கச்சி சுருளியம்மாள், அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

சாகுமுன் அந்த அப்பா ஒரு காரியம் செய்தார். நாலு குறுக்கம் மானாவாரி நிலத்தையும் டிராக்டரையும் மகளுக்கு என்று பெரிய மனிதர்கள் முன்னால் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது கோட்டைச்சாமிக்கு வயிற்றெரிச்சல். நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, நிலம் வேறு எதற்கு? ஆனால் அப்பன் பேச்சை வாய் திறந்து மறுக்கவும் முடியாது. அதனால் வேறு வழி பிடித்தார். மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அந்த நேரத்தில் ஊர் மாடெல்லாம் அவனவன் புஞ்சைக் காட்டில் நிற்கும். மாடில்லாத சுருளியம்மாள் அண்ணனிடம்தான் போய் நிற்பாள். "எங்க சோலி முடியட்டும்த்தா" என்பார். அவர் சோலி முடியும்போது அவள் மண் கட்டி தட்டிப் போயிருக்கும். இப்படியே நிலம் வருசா வருசம் தரிசாகக் கிடந்தது.

எழுபத்தொன்பதாம் வருசம் புரட்டாசியில், சாவடியில் நாலு பேர் இருக்கும்போது கோட்டைச்சாமி பேச்சை எடுத்தார்.

"தரிசாக் கெடந்தா நம்ம வீட்டுக்குத்தான் கேவலம். இந்த ஐப்பசி மழைக்கும் நீ உழுகலைன்னா நானே ஏர் பூட்டிர்றேன் சுருளி. வெளைஞ்சதுல ஒனக்கும் ரெண்டு மூடை அனுப்பி வைக்கிறேன்."

எவ்வளவு தாராளம் பாருங்கள்! அவர் ஏர் ஒரு தரம் உள்ளே இறங்கினால் அந்த நிலம் ஆயுசுக்கும் திரும்பாது என்பது அவளுக்குத் தெரியும். ஆத்திரத்தில் வார்த்தை முந்திக்கொண்டது.

"வேணாம்ணே. மழைக்கு அப்பா டிராக்டரை வச்சு நானே உழுதுக்கிறேன்."

சாவடி மொத்தமும் சிரித்தது. "வேணும்னா இந்த வருசம் மாலையைப் பெருசாப் போட்டுவிடுறேன்" என்றார் கோட்டைச்சாமி. வீடு வந்து சேர்ந்ததும் சுருளியம்மாள் புருசனிடம் விசயத்தைச் சொன்னாள்.

அவள் புருசன் பால்பாண்டி போடிமெட்டுச் சாலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர். வழியில் வண்டி படுத்தால் தானே பிரித்துப் பூட்டுகிறவன். அந்த ஜீப்பிலேயே டிராக்டரைக் கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தினான். எஞ்சின் அசைந்து கொடுக்கவில்லை. மேலே நட்டமாக நின்ற சைலன்சர் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தான். அழுகின செவ்வந்திப் பூ ஒரு கைப்பிடி விழுந்தது.

"அடிப்பாவி, இதைப் பாரு! தொறந்த குழாய்க்குள்ள குடம் குடமா ஊத்தியிருக்காரு. தண்ணி நேரா எஞ்சினுக்குள்ள போயி நின்னுருக்கு. மச்சான் பூசை பண்ணியே இதைக் கொன்னுருக்காரு."

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்தபோது உள்ளே துரு செக்கச்செவேல் என்று இருந்தது. மூன்று பிஸ்டன்களில் ஒன்றுதான் அசைந்தது. மற்ற இரண்டும் சிலிண்டரோடு சிலிண்டராக ஒட்டிப்போயிருந்தன. அடிப்பக்கம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்தான். பிறகு வேங்கைக் கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்தான். அடித்தவன் தோள்தான் இறங்கியது. இன்னும் ஓங்கி ஒன்று போட்டதில் பிஸ்டன் விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது.

"போதும், உடைச்சுப்புடாதீக!" என்று சுருளியம்மாள் கட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மதுரைக்குத்தான் கொண்டு போகணும். தை மாசம் ஆகிரும்."

தை மாசம்! மேற்கே மலைமேல் மேகம் கறுத்து நிற்கிறது. அவள் அழுதுகொண்டே பாத்திரம் கழுவப் போனாள். அங்கே பார்த்து ரெண்டு டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றன. வழக்கம்போல உள் டம்ளரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் வைத்தாள். கழன்று வந்தது. அவள் அப்படியே ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினாள்.

"ஏங்க, பிஸ்டன் அலுமினியம்தானே? சூட்டுல இரும்பு அதிகமாப் பெருக்குமா, அது அதிகமாப் பெருக்குமா?"

"அலுமினியந்தான் அதிகமாப் பெருக்கும்."

"அப்பக் குளிருல அதுதானே அதிகமாச் சுருங்கும்? நல்லாச் சுட வச்சு, குளிர வச்சா விட்டுக் குடுக்காதா?"

பால்பாண்டி தலையைச் சொறிந்தான். "குடுக்கும். ஆனா சட்டுனு நெருப்புக் காட்டுனா சிலிண்டர் இருக்கிற இரும்புப் பிளாக்கு வெடிச்சுரும். நெதானமா, ஒரே சீரா சூடு ஏறணும். அப்படி அடுப்பு எவன் வீட்ல இருக்கு?"

"மேல இருக்கு" என்று அவள் மலையைக் காட்டினாள்.

கல்யாணமான புதிதில் எஸ்டேட்டில் குடியிருந்தவள் அவள். ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரின் அடுப்பு, பறிப்புக் காலம் முழுக்க அணையாமல் ஒரே பதத்தில் எரியும். வாசல் தாண்டினால் எலும்பைக் குத்துகிற மூடுபனி. சூடும் குளிரும் எட்டு வைக்கிற தூரத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

நாலு பேர் பிடித்துப் பிளாக்கை ஜீப்பில் ஏற்றினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு அவள் முழங்காலைப் பதம் பார்த்தது. ஸ்டோரில் அடுப்புப் பார்க்கும் கன்னையன், வண்டியில் இருந்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எண்டம்மோ! இது என்ன சாதனம்? மண்ணெண்ணெய் நாத்தம் கொடலைப் பொரட்டுது. ஏலக்கா பொல்லாத வாடை குடிக்கும்த்தா. காயில இந்த நாத்தம் ஏறுச்சு, என் சோலி அன்னைக்கே போச்சு."

"காய் இருக்கிற ரூம்புக்குள்ள வேணாம்ணே. வெளிய அடுப்பு வாய்க்குப் பக்கத்துல, சுவரோரம் வச்சாப் போதும். காத்துப் பள்ளத்துப் பக்கந்தானே அடிக்குது? ஒங்களுக்கு வெறகு நான் தள்ளுறேன், நீங்க உக்காருங்க."

உட்காரச் சொன்னால் கன்னையன் எதற்கும் சம்மதிப்பார். பிளாக் அடுப்போரம் இறங்கியது. சுருளியம்மாள் விறகு தள்ளுவாள், பிளாக்கைப் பக்கம் மாற்றச் சொல்லுவாள், சாக்குத் துணியைச் சுற்றித் தொட்டுப் பார்ப்பாள். நன்றாகச் சூடேறியதும் பனிக்குள் இழுத்துப் போட்டு, ஆறியதும் எண்ணெய் ஊற்றி அடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அடுப்புக்குக் கொண்டு போனார்கள், மறுபடியும் பனிக்கு இழுத்தார்கள். அப்போதும் பிஸ்டன் கல்லாக உட்கார்ந்திருந்தது.

பால்பாண்டி சம்மட்டியைத் தூக்கி எறிந்தான். "விடு சுருளி. ஒங்கண்ணனே உழுதுட்டுப் போகட்டும். நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்."

அவள் குனிந்து பிளாக்குக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணில் கறுப்பாக ஒரு பொட்டு. அதன் மேல் இன்னொரு சொட்டு விழுந்தது. மேலே ஊற்றிய எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டு அடியில் வந்து விழுகிறது!

"ஏங்க, வழி விட்டுருச்சுங்க! எண்ணெய் எறங்குதுங்க! இன்னொரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம்!"

கன்னையனே எழுந்து வந்து விறகை அள்ளிப் போட்டார். சூடேறியதும் மறுபடி பனிக்குள் இழுத்துப் போட்டார்கள். கை வைக்கிற சூட்டுக்கு இறங்கி, பிறகு சில்லென்று ஆகும்வரை காத்திருந்தார்கள். பால்பாண்டி கட்டையை வைத்து ஒரே சீராகத் தட்டினான். ணங், ணங் என்று கேட்டுக்கொண்டிருந்தது திடீரென்று தொப்பென்று ஒலித்தது. பிஸ்டன் நகத்தளவு இறங்கியிருந்தது. "வந்துருச்சுடி!" என்று அவன் போட்ட சத்தத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். இரண்டாவது பிஸ்டனைத் தட்ட அவள் யாரையும் விடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தட்டி இறக்கினாள். அது மண்ணில் விழுந்ததும் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அப்புறம் பால்பாண்டி சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், சில்லுப் போன பிஸ்டனுக்குப் பதிலாகப் பழைய கடையில் ஒன்று தேடிப் பிடித்தான், புது ரிங்கு போட்டான். எல்லாம் பூட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விடிய விடியக் கொட்டி வெயில் எட்டிப் பார்த்த காலையில், ஜீப்பில் கட்டி இழுத்தபோது எஞ்சின் ரெண்டு தரம் இருமியது. கறுப்புப் புகையைக் கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள், தெருவே அதிர்ந்தது. ஏறி உட்கார்ந்தவள் சுருளியம்மாள். பால்பாண்டி கூடவே வரப்போனான். "நான் போய்க்கிறேன்" என்றுவிட்டாள்.

காட்டுக்குப் போனால், அங்கே கோட்டைச்சாமி விடியுமுன்னே மாட்டோடு வந்து நிற்கிறார். அவள் நிலத்தில் ஏர் கிழித்த முதல் சால் பாதி தூரம் ஓடியிருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினவர் வாயைத் திறந்தபடி நின்றார். மாடுகள் காதை விறைத்துக்கொண்டு நுகத்தை இழுத்தன.

"அண்ணே, மாட்டை அவுத்து ஓரமாக் கொண்டு போ. மெரண்டுரும்."

அவர் தங்கச்சியைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். மாட்டை அவிழ்த்துக்கொண்டு, ஏரைத் தோளில் தூக்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த தன் நிலத்துக்கு ஏறிப் போய் நின்றார். சுருளியம்மாள் டிராக்டரின் கலப்பையைச் சரியாக அவர் போட்ட பாதிச் சாலிலேயே இறக்கினாள். ஈரமண் பிளந்து ரெண்டு பக்கமும் புரண்டது. அந்த மண் வாசத்தில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

சுற்றி வந்து, ரெண்டு நிலத்துக்கும் நடுவில் இருக்கிற வரப்பை ஒட்டி அவள் திரும்பியபோது, கோட்டைச்சாமி கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"ஏத்தா, பாத்து! என் வரப்பை வெட்டிராத!"

சுருளியம்மாள் சிரித்துவிட்டாள். "ஓரமா நில்லுண்ணே! என் நெலம் எதுவரைக்கும்னு எனக்குத் தெரியும்!"