பலவீனம் என்ற பக்கத்தில் நான் எழுதியது

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதை எழுதியவன் நான். எழுதியிருக்கக் கூடாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் நீங்கள் என்னை நம்புவீர்கள் என்ற கணக்கும் எனக்கு உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அன்புச்செல்வன். வடக்கனந்தலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத மதியங்களில், கறை விழுந்து வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். மூன்று கதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன.

இதை முதலில் இப்படித் தொடங்கினேன்: "கல்வராயன் மலையிலிருந்து ஒரு மான் இறங்கி வந்து, பந்தைக் கையில்"

அடித்துவிட்டேன். எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியில் ஆடும் மணிமொழி மான் இல்லை. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பந்துக்குக் குதிக்கும்போது இரண்டு முழங்கைகளையும் விரித்துக்கொண்டுதான் குதிப்பாள். மானுக்கு முழங்கை கிடையாது.

2

எங்கள் அணி ஆடவிருந்த மாவட்டப் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஜெயிக்கும் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி கேட்கலாம். பிளஸ் டூ முடித்திருந்த மணிமொழிக்கு அது தேவையாக இருந்தது. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அவளைவிட எங்களுக்குத்தான் அதிகம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், கரும்பு டிராக்டர் ஓட்டும் தங்கதுரை, பக்கத்துக் கடையில் தைக்கும் ஜெயசுதா அக்கா. அணியின் சீருடையைத் தைத்தவர் அவர்தான். கல்யாணத்துக்கு முன் ஆடியவரும்கூட. எங்களில் ஆட்டம் தெரிந்தவர் அவர் ஒருவரே.

வெள்ளிக்கிழமை மதியம் என் கடையில் உட்கார்ந்து அணியை அலசினோம். ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் பலம், அந்தப் பக்கம் பலவீனம் என்று தலைப்புப் போட்டேன்.

"வளையத்துல பட்டுத் திரும்புற பந்த எடுக்குறதுல, ரீபவுண்ட்ல, நம்மள அடிச்சிக்க ஆளே கெடையாது. எழுது," என்றான் தங்கதுரை.

"ரீபவுண்ட எடுத்து இன்னா பண்றது? மூணாவது குவார்ட்டர்ல எல்லாம் மூச்சு வாங்கிக்கினு நிக்குதுங்க," என்றார் அக்கா.

"சுபஸ்ரீ இருக்குதே. வெளியிலேர்ந்து போட்டா வுழும்."

"ரெண்டு பேரு அத கட்டிப்போட்டா? அப்புறம் யாரு போடுவா? நம்மகிட்ட ஆளு கம்மி. பெஞ்சுல ரெண்டே பேரு."

"பயமுறுத்தாதக்கா."

"பயமுறுத்தல. கணக்கு சொல்றேன். ஃப்ரீ த்ரோவையும் எழுது அன்பு. மணிமொழிக்குப் பத்துக்கு நாலுதான் வுழுது."

போன வருடம் இதே இறுதி ஆட்டத்தில், இதே எதிரணியிடம் ஒரு பாயின்டில் தோற்றோம். யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போட, கடைசியில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் மணிமொழி விட்டுவிட்டாள்.

"ஃப்ரீ த்ரோ: பத்துக்கு நாலு" என்று எழுதியிருந்தால் போதும். நான் எழுதியது இது:

*மணிமொழி: மலைப் பெண். கூட்டத்தைக் கண்டால் மிரள்வாள், கை நடுங்கும்.*

"எழுத்தாளன்னா எழுத்தாளன்தான்டா," என்று தங்கதுரை தாளைப் போட்டோ எடுத்து ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அக்கா தையல் மெஷினில் உட்காரப் போய்விட்டிருந்தார். ஆட்டக்காரிகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

(முதல் படியில் இந்த இடத்தில் "அதை மறந்துவிட்டோம்" என்று எழுதியிருந்தேன். பொய். எனக்கு ஞாபகம் இருந்தது. நாற்பது பேர் என் வாக்கியத்தைப் படிக்கப்போகிறார்கள் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.)

3

"மறுநாள் காலை மணிமொழி அழுது சிவந்த கண்களோடு"

இல்லை. சிவக்கவில்லை. பயிற்சிக்காகத் தினமும் மலையிலிருந்து வரும் வெள்ளிமலை பஸ்ஸில்தான் அன்றும் வந்து இறங்கினாள். நேராகக் கடைக்கு வந்து, போட்டோ தெரியும்படி போனை என் மேசையில் வைத்தாள்.

"இத ஒரு காப்பி எடுத்துக் குடுங்கணா. பெருசா."

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? நின்றபடியே ஒரு முறை படித்தாள்.

"கை நடுங்குறது நெசம். போன வருசம் நடுங்குச்சு. அத எழுதுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. மலைப்பொண்ணுன்னு எதுக்கு எழுதுனீங்க?"

நான் மெஷின் மூடியைத் திறந்து, துடைத்து, மூடினேன்.

"சுபஸ்ரீக்கு நைனார்பாளையம். அவ பந்த வுட்டா, நைனார்பாளையத்துப் பொண்ணு, அதான் வுட்டுட்டாள்னு எழுதுவீங்களா?"

"வாக்கியம் நல்லா வந்துச்சு மணி. அதான்," என்றேன்.

இதைவிடக் கேவலமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் அதுதான் உண்மை. பிறகு எழுதிய படிகளில் இந்த இடத்தில் நல்ல பதில்களை எனக்குக் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை.

அவள் தாளை நான்காக மடித்தாள்.

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு மூணு பேரும் கோர்ட்டுக்கு வாங்க. இதையும் எடுத்துக்கினு வாங்க," என்று என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

4

கோர்ட்டில் யாரோ மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் கூட்டித் தள்ளிவிட்டு, ஃப்ரீ த்ரோ கோட்டில் மணிமொழி நின்றாள். எங்களை வளையம் மாட்டிய போர்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள்.

"போன வருசம் அவங்க கூவுனத கூவுங்க."

போன வருடம் எதிரணிக் கூட்டம் கூவியது, "தேனெடுக்கப் போடி!" என்று. (அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று ஆறாம் பகுதியில் தெரியும்.)

தங்கதுரை ஒரு தகர டின்னைத் தட்டிக்கொண்டு கூவினான். அக்கா விசில் ஊதினார். எனக்கு வாய் வரவில்லை.

"உங்களுக்கு அது வேணாம்ணா. நீங்க எழுதுனத படிங்க. நான் பந்த எடுக்குறப்பல்லாம் படிங்க. சத்தமா."

படித்தேன். பந்து வளையத்தில் இடித்து வெளியே விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி படித்தேன். இருநூறு வீச்சு. அன்று விழுந்தது எண்பத்து மூன்று.

எட்டு நாள் இப்படி நடந்தது. ஒரு வாக்கியத்தை எழுதியவனே ஒரு நாளைக்கு இருநூறு முறை, அது யாரைப் பற்றியதோ அவள் முகத்துக்கு நேராக வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் குரல் கம்மியது. மூன்றாம் நாள் "மன்னிச்சுக்க மணி" என்று நடுவில் நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்கணா, எண்ணிக்கை போயிடும்," என்றாள்.

நான்காம் நாள் அவளே கண்டுபிடித்தாள். "நீங்க கூவுனா, சட்டுனு போட்டுட்டு எடத்த காலி பண்ணிடணும்னு அவசரப்படுறேன். அதான் கோளாறு. கையில ஒண்ணும் இல்ல." அதற்குப் பிறகு, ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பந்தை மூன்று முறை தட்டி, மூச்சை விட்டு, எங்களைக் காக்கவைத்துப் போட்டாள். எட்டாம் நாள் விழுந்தது நூற்று நாற்பத்தொன்று.

5

இதுவரை எழுதியதை ஜெயசுதா அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். "மணிமொழி இரும்புல செஞ்ச பொம்மை மாதிரி இருக்குது. அது பயந்ததையும் எழுது," என்றார்.

அதை நான் பார்க்கவில்லை; அவர் சொன்னதுதான். ஆறாம் நாள் பயிற்சி முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது மணிமொழி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாளாம். "பயமா இருக்குதுக்கா. இது போச்சுன்னா காலேஜும் போச்சு," என்றாளாம். அக்கா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு வர வேண்டியவள் நாலே முக்காலுக்கே வந்து சோளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

6

ஆட்டம் கள்ளக்குறிச்சியில், ஞாயிறு காலை. இரண்டு பக்கமும் சேர்த்து அறுநூறு பேர் இருக்கும்.

அக்காவின் கணக்கு பிசகவில்லை. சுபஸ்ரீயை இரண்டு பேர் கட்டிப்போட்டார்கள். மூன்றாவது குவார்ட்டரில் நம் பெண்கள் களைத்துப் போனார்கள். அப்படியும் விடாமல் பின்தொடர்ந்து, ஆட்டம் முடிய நாற்பது நொடி இருக்கும்போது 44-45 என்று ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம். மணிமொழிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது.

அவர்கள் கூவினார்கள். அதே தேன். மணிமொழி பந்தை மூன்று முறை தட்டினாள். முதல் பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. இரண்டாவது எதையும் தொடாமல் இறங்கியது. 46-45. தங்கதுரை என் முதுகில் அறைந்த அறை இரண்டு நாள் வலித்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது.

மூன்று நொடி இருக்கும்போது எதிரணியின் ஒரு சின்னப் பெண் பந்தோடு உள்ளே புகுந்தாள். மணிமொழி தடுக்கப் போய் இடித்துவிட்டாள். அது அவளுடைய ஐந்தாவது ஃபவுல். வெளியே போய் பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. அந்தச் சின்னப் பெண்ணுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஐந்தடிகூட இருக்க மாட்டாள்.

இப்போது கூவுவது எங்கள் முறை. தங்கதுரை கூவினான், எல்லோரும் கூவினார்கள். பயிற்சியில் கூவ வாய் வராமல் நின்ற நான், முன்வரிசைக்குப் போய்க் கத்தினேன்:

"ஏ குள்ளச்சி, அங்கேர்ந்து வளையம் தெரியுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நூறு பேர் அதையே திருப்பிக் கூவினார்கள். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. (அந்த ஊரின் பெயரைச் சொல்லாதது இதனால்தான்: கூவியதில் அவர்களும் நாங்களும் ஒன்று.) அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். போட்ட பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை.

இரண்டாவதையும் விட்டால் நாங்கள் ஜெயித்த மாதிரி. மாநிலப் போட்டி, சான்றிதழ், கல்லூரி.

மணிமொழி பெஞ்சிலிருந்து எழுந்து எங்கள் பக்கம் வந்தாள். என்னைத் தனியாகப் பார்க்கவில்லை. எல்லோரையும் பார்த்துத்தான் கத்தினாள்.

"கூவாதீங்க! அவ போடட்டும். யாரும் கூவாதீங்க!"

"ஏ மணி, உனக்கின்னா பைத்தியமா? வுட்டுட்டா நம்மதுதான்!" என்றான் தங்கதுரை.

"வுட்டா அவளா வுடட்டும்ணா."

முதலில் ஜெயசுதா அக்கா விசிலை வாயிலிருந்து எடுத்தார். அப்புறம் நான் வாயை மூடினேன். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் தங்கதுரை.

7

நான் எழுதிவைத்த முடிவுகள்:

(அ) பந்து வெளியே விழுகிறது. ஜெயிக்கிறோம். மணிமொழியை எல்லோரும் தோளில்

(ஆ) பந்து உள்ளே விழுகிறது. ஆட்டம் சமன். கூடுதல் ஐந்து நிமிடம், மணிமொழி இல்லாமல். தோற்று

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று வடக்கனந்தலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை மணிமொழி கல்லூரி விண்ணப்பத்துக்காக ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். (எத்தனை சான்றிதழ் என்று சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். சொல்ல மாட்டேன்.) மெஷின் ஓடும்வரை இந்தப் படியைப் படித்தாள். கடைசித் தாளுக்கு வந்ததும் என் பேனாவை எடுத்தாள்.

"ஜெயிச்சோம்னு எழுதுனா, சும்மா இருந்ததுக்குக் கெடைச்ச பரிசுன்னுவாங்க. தோத்தோம்னு எழுதுனா, ஏமாந்த கூட்டம்னுவாங்க. கூவாதீங்கன்னு நான் ரெண்டுக்காகவும் சொல்லலணா."

(அ), (ஆ) இரண்டின் குறுக்கேயும் கோடு போட்டாள். நகல்களை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஆகவே இதற்கு மேல் என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஒரு சின்னப் பெண் கோட்டில் நிற்கிறாள். பந்து கையை விட்டுப் போய்விட்டது, இன்னும் இறங்கவில்லை. எதிரே நாங்கள் முந்நூறு பேர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். என் பக்கத்தில் இடம் இருக்கிறது. வந்து நில்லுங்கள், சத்தம் மட்டும் போடாதீர்கள்.